வலக்கைப் பக்கம் தண்ணீர்

அந்த ஊரில் எல்லோரும் இடமாகச் சுற்றுகிற ஒரு கடலை நான் மட்டும் வலமாகச் சுற்றினேன். அதனால் என் மகளுக்குக் கொடுத்த வாக்கு தவறிப் போனது. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் ஏதோ சாகசம் செய்துவிட்டு வந்தவள் போலத் தெரியும்.

கடல் என்று சொன்னேன். அங்கே அதற்கு ஃபியோர்டு என்று பெயர். மலைகளுக்கு நடுவே கடல் ஒரு கையை நீட்டினாற்போல உள்ளே புகுந்து, வளைந்து வளைந்து வெகுதூரம் போய், ஓரிடத்தில் முட்டி நின்றுவிடுகிறது. பார்த்தால் ஏரி. விரலை நனைத்து நாக்கில் வைத்தால் உப்பு. நாங்கள் தங்கியிருந்த சிறிய ஊர் அதன் வாய்ப்பகுதியில், வடகரையில் இருந்தது. என் கணவர் தணிகைக்கு மீன் பதப்படுத்தும் இயந்திரங்கள் செய்யும் இடத்தில் ஆறு மாத வேலை. காஞ்சிபுரத்தில் நான் வேதியியல் ஆசிரியை. பள்ளியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மகள் மகிழைத் தூக்கிக்கொண்டு நானும் நார்வே போய்ச் சேர்ந்தேன்.

மகிழுக்கு அப்போது இரண்டு வயது நான்கு மாதம். இன்னும் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தாள். பகலில் குறைந்துவிட்டது. தூக்கம் என்றால் மட்டும் அதுதான் வேண்டும், நான்தான் வேண்டும். ஊர் திரும்பியதும் நான் பள்ளிக்குப் போயாக வேண்டும். அதற்குள் நிறுத்திவிட வேண்டும் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் முடிவு செய்வேன். திங்கட்கிழமை இரவே கொடுத்துவிடுவேன். அங்கிருந்த செவிலி, அவளாக நிறுத்தும் வரை கொடுக்கலாமே என்றார். வாங்கிப் படித்த புத்தகம், மெல்ல மெல்லக் குறையுங்கள் என்றது. என் அக்கா வேறு மாதிரி சொன்னாள்.

அக்கா தேவி காஞ்சிபுரத்திலேயே பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறாள். அவளும் மாமாவும் சேர்ந்து தறியில் உட்காருகிறவர்கள். ஒரு வியாழக்கிழமை மாலை அங்கே தறியை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"வேப்பெண்ண தடவிக்கினு படு. ஒரே நாள்ல வுட்டுடும்."

"இந்த ஊர்ல வேப்பெண்ணைக்கு நான் எங்கக்கா போவேன்?"

"அப்ப நீ காணாம போயிடு. காலைல போனா பொழுது சாஞ்சி வா. கண்ணுல பட்டாதானடி கேக்கும்?"

"நாள் பூரா எங்க போறது? எனக்கு இங்க யாரத் தெரியும்?"

"ஏன், கவர்மெண்டு சைக்கிள வெச்சிக்கினு தென்னேரி வரைக்கும் போனவதான நீ? அன்னிக்கு யாரத் தெரிஞ்சி போன? யாரக் கேட்டுக்கினு போன?"

பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த நீல சைக்கிள் அது. கிடைத்த முதல் ஞாயிற்றுக்கிழமையே நானும் இரண்டு தோழிகளும் யாரிடமும் சொல்லாமல் தென்னேரி போனோம். ஏரிக்கரையில் சைக்கிள் விட்டதும் நினைவிருக்கிறது, திரும்பி வந்து அப்பாவிடம் வாங்கியதும் நினைவிருக்கிறது. அந்தப் பெண் இப்போது எங்கே என்று அக்கா கேட்டது போல இருந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு சன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்தேன். சுற்றி வந்தால் அறுபத்தைந்து கிலோமீட்டர் என்று தணிகை ஒருமுறை சொல்லியிருந்தார். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போவதைவிடக் கொஞ்சம் குறைவு.

வெள்ளிக்கிழமை கீழ்வீட்டு ஓலாவிடம் சைக்கிள் கேட்டேன். ஓலா பேருந்து ஓட்டுநர். அவர் மனைவியின் சைக்கிளை எடுத்து, இருக்கையைத் தாழ்த்தி, காற்றடித்துக் கொடுத்தார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார்.

"முதலில் காலை ஃபெர்ரியில் அக்கரைக்குப் போய்விடுங்கள். பிறகு கரையோடு சுற்றிக்கொண்டு வீடு வரைக்கும் ஓட்டி வரலாம். எப்போது வேண்டுமானாலும் வந்து சேரலாம், எதற்கும் ஓட வேண்டியதில்லை. மாற்றிப் போனால் கடைசியில் ஃபெர்ரியைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கும். சனிக்கிழமையில் ஐந்தே முக்காலை விட்டால் ஒன்பது மணிக்குத்தான்."

ஃபெர்ரி என்பது கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஃபியோர்டின் வாயைக் குறுக்கே கடக்கிற பெரிய படகு. நான் தலையாட்டினேன். நேரங்களைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். சரியாகக் குறித்தேனா என்று இரண்டு முறை பார்த்தேன்.

அன்று மாலை, முந்தைய இரவே அரைத்துப் புளிக்க வைத்திருந்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு தட்டிப் போட்டு, எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றிக் காஞ்சிபுரம் இட்லி வேகவைத்தேன். மந்தாரை இலை இல்லாத குறை தவிர மற்றதெல்லாம் சரியாக வந்தது. எத்தனை மணி நேரமானாலும் கெடாது. பயணத்துக்கு அதைவிட நம்பிக்கையான சாப்பாடு எனக்குத் தெரியாது.

இரவு மகிழைப் படுக்க வைத்தபோது ஒரு தப்பு செய்தேன். "சொல்லாம கொள்ளாம போயிடு" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். எனக்கு மனம் கேட்கவில்லை.

"மகிழ், நாளைக்கு அம்மா சைக்கிள்ல போவேன். நீ தூங்கறதுக்கு முன்னாடி வந்துடுவேன். சரியா?"

"தூங்கறதுக்கு முன்னாடி" என்று அவள் திருப்பிச் சொன்னாள். அந்த வயதில் திருப்பிச் சொல்வதெல்லாம் கையெழுத்துப் போட்ட மாதிரி.

எட்டு மணிக்கு அவள் தூங்குவாள், ஏழுக்கு நான் வந்து நின்றால் கொடுத்துவிடுவேன் என்று பக்கத்திலிருந்த தணிகைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்புறம் எதற்கு இந்தப் பயணம்?

சனிக்கிழமை ஏழு மணிக்கு முன்பே கிளம்பினேன். தெருமுனையில் சாலை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் இறங்கினால் ஃபெர்ரித் துறை. வலப்பக்கம் ஃபியோர்டின் உட்பக்கம் போகிற சாலை. ஓலா சொன்னபடி இடப்பக்கம் திரும்ப வேண்டும். சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன்.

அந்த வழியாகப் போனால் தண்ணீர் நாள் முழுவதும் என் இடக்கைப் பக்கம் இருக்கும். அதாவது இடமாகச் சுற்றுவேன். கோயிலோ குளமோ, எதைச் சுற்றினாலும் வலமாகச் சுற்றிப் பழகிய ஊர் எங்களுடையது. இடமாகச் சுற்றுவது ஒரே ஒரு காரியத்துக்கு. என் அப்பாவுக்காக அண்ணன் தோளில் குடத்தோடு அப்படிச் சுற்றியதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரைச் சுற்றுவதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் புரியும்படி என்னால் விளக்க முடியும். ஆனால் வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது. முதல் முறையாக அவளை விட்டுவிட்டுப் போகிறேன். அந்த நிலையில் இடப்பக்கம் கை திரும்பவில்லை. வலப்பக்கம் திருப்பி மிதித்தேன். அதிகம் நிற்காமல் ஓட்டினால் ஐந்தே முக்காலுக்கு அக்கரைத் துறையில் இருக்கலாம். பத்தே முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

முதல் இரண்டு மணி நேரம் போல ஒரு காலை என் வாழ்க்கையில் அதற்கு முன் இருந்ததில்லை. காற்று முதுகில். வலக்கைப் பக்கம் அசையாத தண்ணீர். எதிர்க்கரை மலைகள் தலைகீழாக அதில் நின்றன. புடவை பார்டரில் முக்கோணம் முக்கோணமாக வரிசையாக வரும் கோபுர ரேக்கை யாரோ மேலும் கீழுமாக ஒட்டி நெய்தது போலிருந்தது. சாலையோரத்தில் ஆடுகள் கழுத்துமணியோடு படுத்திருந்தன. நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். சின்ன வயதில் எங்கள் தெருவில் காலை நேரத்தில் பாவு விரித்திருப்பார்கள். தெருநீளத்துக்குப் பட்டு நூல் இழுத்துக் கட்டியிருக்கும்போது யாரும் சைக்கிளில் ஏற மாட்டோம். அந்தப் பழக்கம், தரையில் எதைப் பார்த்தாலும் இறங்கச் சொல்கிறது.

பத்து மணிக்கு ஒரு சுரங்கப்பாதை. சைக்கிள் போகக்கூடாது என்று பலகை. மலையை ஒட்டி வெளியே பழைய சாலை ஒன்று போனது. விரிசல்களில் புல் முளைத்திருந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் நேரே கீழே தண்ணீர். அந்த நாட்டில் சாலையின் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால், நான் போகிற திசையில் தண்ணீர்ப் பக்கம்தான் என் பக்கம். நடுவில் ஓர் அருவி மேலே தெறித்தது. இந்த நேரத்தில் நான் விழுந்தால் மகிழுக்கு யார் தலை வாருவார்கள் என்று ஓர் எண்ணம் வந்தது. ஏன் தலை வாருவது என்று தெரியவில்லை. தணிகைக்கு இரட்டைச் சடை போட வராது என்பதால் இருக்கலாம்.

அந்தச் சாலையில்தான் மற்ற சைக்கிள்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லோரும் எதிரே. முந்தைய நாளே அக்கரைக்குப் போய்த் தங்கிவிட்டு வருகிறவர்களாம். ஒருவர் கூட என்னோடு சேர்ந்து வரவில்லை. எல்லோரும் கையை உயர்த்தி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் கையை உயர்த்திச் சிரித்தேன். ஒரு குடும்பம் கடந்தபோது கடைசியில் வந்த சிறுமி என்னைக் காட்டி அவள் அம்மாவிடம் கேட்டாள். அந்த அம்மா எனக்காக ஆங்கிலத்தில் சொன்னார்: "இவள் கேட்கிறாள், நீங்கள் எதையாவது மறந்துவிட்டுத் திரும்பிப் போகிறீர்களா என்று."

"ஆமாம், குழந்தையை" என்று வாய் வரை வந்தது. இல்லை என்று சொல்லிச் சிரித்தேன்.

பன்னிரண்டே காலுக்குத் தண்ணீர் முடிந்த இடத்துக்கு வந்தேன். ஓர் ஆறு வந்து கடலில் கலந்தது. திருமுக்கூடலில் மூன்று ஆறுகள் கலக்கின்றன என்று பாடத்தில் படித்துவிட்டு, நேரில் போனபோது மூன்று மணல்களைப் பார்த்துத் திரும்பியவள் நான். இங்கே ஒரே ஓர் ஆறு, தன் சத்தம் அடங்காமல் வந்து சேர்ந்தது. ஒரு மர மேசையில் உட்கார்ந்து இட்லியைத் துண்டு போட்டுச் சாப்பிட்டேன். தணிகை படம் அனுப்பியிருந்தார். மகிழ் வாயெல்லாம் தயிர், தலையில் ஒற்றைச் சடை, அதுவும் நெற்றியில். கீழே ஒரு வரி: "ரெண்டு வாட்டி கேட்டா. தயிர் குடுத்தேன்." அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கேட்டாள் என்பதும் வலித்தது. தயிரில் சமாதானமாகிவிட்டாள் என்பதும் வலித்தது.

ஒரு மணிக்குத் திரும்பும் கரையில் ஏறினேன். பாதி நாளில் பாதி தூரம். கணக்கு சரியாக இருந்தது. பிறகு இரண்டு விஷயங்கள் நடந்தன.

முதலில் சங்கிலி. எங்கள் ஊர் லேடீஸ் சைக்கிளில் சங்கிலியை மூடித் தகடு இருக்கும். ஓலா மனைவியின் சைக்கிளில் அது கிடையாது. ஒரு மேட்டில் எழுந்து மிதித்தபோது சுடிதாரின் கால் உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டது. பல்சக்கரத்துக்கும் சங்கிலிக்கும் நடுவில் துணி. முன்னாலும் வராது, பின்னாலும் போகாது. ஒற்றைக் காலில் சாலையோரம் தத்தி நின்றேன். எதிரே வந்த ஒரு வயதான தம்பதி இறங்கி, கணவர் சக்கரத்தைப் பின்னால் சுற்ற, மனைவி துணியை இழுக்க, நான் காலைத் தூக்கிக்கொண்டு நிற்க, அரை மணி நேரம் ஆனது. கடைசியில் கிழித்துத்தான் எடுக்க முடிந்தது. போகும்போது அந்த அம்மாள் நான் வந்த வழியைக் காட்டி, "வீடு அந்தப் பக்கம்தானே?" என்றார். "இந்தப் பக்கமும் போகலாம்" என்றேன். "போகலாம். ஆனால் காற்று?" என்றார்.

அவர் சொன்ன காற்று மூன்று மணிக்கு வந்தது. கடலிலிருந்து நேராக முகத்தில். இறக்கத்தில்கூட மிதித்தால்தான் சைக்கிள் நகர்ந்தது.

இரண்டாவது, பால். காலை ஐந்து மணிக்குக் கடைசியாகக் கொடுத்தது. மதியம் கனமாக இருந்தது. மூன்றரைக்கு மார்பு இரண்டும் கல்லாகிவிட்டன. சாலையில் ஒவ்வொரு சின்னக் குழிக்கும் கண்ணில் நீர் வந்தது. தண்ணீரோரம் சிவப்பு வண்ணம் அடித்த படகுக் கொட்டகை ஒன்று தெரிந்தது. ஆள் இல்லை. அதன் பின்னால் போய் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"இன்னாடி, அழுவுறியா?"

"பால் கட்டிக்கிச்சிக்கா. தாங்க முடில."

"இரு, அந்தாண்ட போறேன், உங்க மாமா கீறாரு." தறியின் சத்தம் விலகியது. "சுடுதண்ணி இருக்குதா?"

"பிளாஸ்க்குல சுக்கு காபி இருக்குது."

"சுக்கு காபியா?" சிரிப்பை அடக்கத் தெரியாமல் அடக்கினாள். "சரி, இருக்கறத வெச்சிதான் செய்யணும். கர்ச்சீப்ப அதுல நனைச்சி ஒத்தடம் குடு. அப்பறம் பீச்சி வுடு. எல்லாத்தையும் எடுத்துடாத, மறுபடி சொரக்கும். வலி கொறையற வரைக்கும் போதும்."

"எங்க வுடறது? கால் படாத எடத்துல வுடணும்னு சொல்வாங்களே."

"எதிர்ல இன்னா இருக்குது?"

"கடல்."

"கடல்ல எவ வந்து கால வெக்கப் போறா? வுடுடி."

கொட்டகைக்குப் பின்னால் பாறை தண்ணீருக்குள் இறங்கியது. அங்கே குனிந்து உட்கார்ந்து, சுக்கு வாசனையோடு, வலி அடங்கும் வரை பாலைக் கடலில் விட்டேன். வெள்ளையாகக் கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு தெரியவில்லை. அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். காற்றில் கண் எரிந்ததையும் அழுகையையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எழுந்து மணி பார்த்தபோது நாலேகால்.

அதற்குப் பிறகு எதையும் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்து மிதித்தேன், அவ்வளவுதான். கடைசி வளைவில் திரும்பியபோது ஃபெர்ரித் துறை கீழே தெரிந்தது. ஃபெர்ரியும் தெரிந்தது. துறைக்கும் அதற்கும் நடுவில் பத்து சைக்கிள் நீளத்துக்குத் தண்ணீர் இருந்தது. ஐந்து நாற்பத்தாறு.

துறையில் ஒரு சிறிய கடை. அதை நடத்துகிறவள் பெயர் மாரித். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். கடை வாசலில் உட்கார்ந்து ஒரு வாளி இறாலை உரித்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்கள் இந்தப் பக்கமிருந்தா வருகிறீர்கள்? காலையில் யாரும் திருப்பி விடவில்லையா?"

"எல்லோரும் கை காட்டினார்கள்."

"அது வணக்கம் இல்லை அம்மா. திரும்பிப் போ என்று சொன்னது" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் துறையில் உட்கார்ந்திருந்த கடற்பறவைகளெல்லாம் பறந்தன. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வாஃபிள் என்கிற கட்டம் போட்ட அப்பம் ஒன்றைச் சூடாகச் சுட்டு, மேலே பழுப்பு நிறப் பாலாடைக் கட்டியைச் சீவிப் போட்டுக் கொடுத்தாள். உப்புப் போட்ட திரட்டுப்பால் போல இருந்தது. நான் மிச்சமிருந்த இட்லியைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, கிறிஸ்துமஸ் கேக்கின் வாசனை என்றாள். மிளகைக் கடித்த பிறகு, கேக் இல்லை என்றாள். இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டாள்.

வலமாகச் சுற்றிய காரணத்தைச் சொன்னேன்.

"மாற்றிச் சுற்றினால் என்ன ஆகும்?"

"ஒன்றும் ஆகாது."

"பிறகு?"

"ஒன்றும் ஆகாது என்று தெரியும். ஆனாலும் முடியவில்லை."

அவள் தலையசைத்தாள். "என் அப்பா படகில் விசிலடிக்க விடமாட்டார். காற்றைக் கூப்பிடுவதாம். ஒன்றும் ஆகாது. ஆனால் நான் இன்று வரை படகில் விசிலடித்ததில்லை."

மகிழைப் பற்றியும் சொன்னேன். எட்டு மணிக்குத் தூங்குவாள், அதற்கு முன் வருவதாகச் சொல்லியிருக்கிறேன் என்றேன். மாரித் உடனே கைப்பேசியை எடுத்து யாரிடமோ பேசினாள். "என் தம்பி படகில் ஏழரைக்கு வருவான். சைக்கிளையும் ஏற்றிக்கொள்வான். கால் மணி நேரத்தில் அக்கரையில் இருப்பீர்கள்."

ஏழு இருபதுக்குத் தணிகையைக் கூப்பிட்டேன். எடுத்ததுமே மகிழின் அழுகைதான் கேட்டது. "அம்மா வேணும், அம்மா வேணும்."

"ஏங்க, ஒரு படகு கெடச்சிடுச்சி. எட்டுக்குள்ள வந்துடுவேன். அவகிட்ட சொல்லுங்க."

அவர் அவளை முதுகில் தட்டிக்கொடுப்பது கேட்டது.

"சுகந்தி, நான் ஒருவாட்டி தூங்க வெச்சிப் பாக்கறேனே."

"அழுவுறாளேங்க."

"அழுவட்டும்மா. என் மேல சாஞ்சிதான் அழுவுறா. ரெண்டு வருஷமா நீ எனக்கு ஒரு சான்ஸ் குடுத்தியா? அழுதா போதும், கையிலேருந்து புடுங்கிக்குவ. அவளுக்கும் நான் வேணான்னே பழகிப்போச்சி."

இதை அவர் ஒருபோதும் சொன்னதில்லை. குறையாகச் சொல்லும் குரலும் இல்லை அது. கேட்கும் குரல்.

அக்கரையில் எங்கள் ஊர் தெரிந்தது. வெள்ளை வீடுகள், நடுவில் எங்கள் கட்டடம். இரவு பதினோரு மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் மகிழின் அறைச் சன்னலை என் பழைய பருத்திப் புடவையால் மூடி வைத்திருந்தோம். அது எந்தச் சன்னல் என்று இங்கிருந்து தெரியவில்லை. தூரத்தில் மாரித்தின் தம்பி வரும் படகுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

தவறிப் போனது என்று முதலில் எழுதினேன். அது சரியில்லை. ஃபெர்ரியைத்தான் தவறவிட்டேன். வாக்கை நானே விட்டேன்.

"சரிங்க. நீங்க பாத்துக்கோங்க. ஃபோன மட்டும் வெச்சிடாதீங்க."

அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் மாரித்தைப் பார்த்து, படகு வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அவள் எழுந்து போய்த் தம்பியிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். அவன் ஒரு பொட்டலம் இறாலை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

என் காதில் முதலில் துணி உரசும் சத்தம். அழுகை. நடக்கிற சத்தம். பிறகு தணிகையின் குரல், பாட்டு என்று சொல்ல முடியாத ஒரு ராகத்தில்:

"ஏறு ஏறு ஏறு! தாம்பரம், தாம்பரம்! காஞ்சிபுரம் எடுத்தாச்சி. வாலாஜாபாத்லாம் எறங்கு! வாலாஜாபாத்! ஒரகடம் இருக்குதா? ஒரகடம்! படியில நிக்காத, உள்ள போ. படப்பை, படப்பை!"

கல்லூரிக் காலம் முழுக்கத் தாம்பரம் பேருந்தில் போய்வந்தவர். தாலாட்டு என்று அவருக்குத் தெரிந்தது அந்த நடத்துநரின் குரல் மட்டும்தான் போலிருக்கிறது. அழுகை நடுவில் நின்றது. "வாலாபாத்" என்று ஒரு சின்னக் குரல். மறுபடி அழுகை, ஆனால் கொஞ்சம் யோசித்து அழுவது போல. பேருந்து முடிச்சூர் போனது, தாம்பரம் போனது, திரும்பி வந்தது, மறுபடி கிளம்பியது. எனக்கு மார்பில் பால் இறங்கிச் சட்டை நனைந்தது. மாரித் உள்ளே போய் அவளுடைய கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து என் தோளில் போட்டாள்.

மூன்றாவது நடையில், ஒரகடம் தாண்டி, சத்தம் குறைந்தது. படப்பைக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. வெகுநேரம் கழித்துத் தணிகை கிசுகிசுத்தார்:

"முடிச்சூர் போவல. தூங்கிட்டா."

ஒன்பது மணி ஃபெர்ரியில் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்தபோதும் நல்ல வெளிச்சம். மகிழ் அவர் வயிற்றின் மேல் குப்புறப் படுத்திருந்தாள். அவர் அசையாமல், கழுத்து கோணிக்கொண்டு, ஜெயித்தவர் போலச் சிரித்தார்.

ஒரே நாளில் பால் மறந்துவிட்டாள் என்று எழுதினால் பொய். அடுத்த பத்து நாளும் கேட்டாள், அழுதாள், இரண்டு முறை நானும் அழுதேன். ஒருமுறை கொடுத்தும்விட்டேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைச் சொல்லிவிட வேண்டும்.

எழுந்து வந்து என்மேல் ஏறிப் படுத்தாள். என் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

"அம்மா, நீ வரல."

"ஆமாம்மா. வரல." படகு போய்விட்டது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. "அப்பா உன்னத் தூங்க வெக்கட்டும்னு இருந்துட்டேன்."

"அப்பா பஸ் ஓட்டிச்சி" என்றாள்.

பிறகு சைக்கிளைக் காட்டச் சொன்னாள். படிக்கட்டுக்குக் கீழே நிறுத்தியிருந்தேன். சங்கிலியில் என் சுடிதாரின் கிழிசல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டே அவள் சைக்கிளைச் சுற்ற ஆரம்பித்தாள். இடமாக.

இந்தப் பக்கமா வா கண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். இரண்டு சுற்று முடித்துவிட்டு நின்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏறு ஏறு. நேரமாச்சி."

நான் போய் அவள் பின்னால் நின்றுகொண்டேன். வண்டி கிளம்பியது. சைக்கிள் எங்கள் இருவரின் இடக்கைப் பக்கம் இருந்தது.